வேற்றுமை தெரிந்த பிள்ளைக்கு இலத்தீன்
(வீட்டுக் கல்வி பற்றி உடுவிலில் பெற்றோர், ஆசிரியர் முன்னிலையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



வீட்டில் இருந்து இலத்தீன் படிக்கும் பிள்ளைகளுக்குப் பாடப்பொருள்களை எப்படி ஒழுங்குபடுத்திக் கொடுப்பது என்பது எனக்குத் தரப்பட்ட தலைப்பு. "உடுவிலில் இலத்தீனா?" என்று உங்களில் சிலர் உள்ளுக்குள் சிரித்திருப்பீர்கள். நியாயம்தான். பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் அந்தப் பாடம் இல்லை. சுன்னாகம் சந்தியில் நின்று தேடினாலும் அதற்கு ஒரு ரியூட்டரி அகப்படாது. விருப்பமுள்ள பிள்ளை வீட்டில்தான் படிக்க வேண்டும். ஆகவே, வீட்டு அலுமாரியில் என்ன இருக்கிறது, எந்த வரிசையில் இருக்கிறது என்பது மற்றப் பாடங்களைவிட இந்தப் பாடத்துக்கு முக்கியம். ஆசிரியர் செய்ய வேண்டிய வேலையில் பாதியை அந்த வரிசையே செய்தாக வேண்டும்.

கனடாவிலும் இங்கிலாந்திலும் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிப்பிக்கச் சட்டம் இடம் கொடுக்கிறது. அப்படிப் படிப்பிக்கிற குடும்பங்களிடையே இலத்தீனுக்கு நல்ல மதிப்பு உண்டு. பேரப்பிள்ளை ரொறன்ரோவில் இருந்து படிப்பதை இங்கே கதிரையில் இருந்தபடி தொலைபேசியில் கேட்கும் அம்மம்மாமாரும் இந்தக் கூட்டத்தில் இருப்பீர்கள். குருமடத்துக்குப் போக நினைக்கும் பிள்ளைகளும், தாவரவியல், மருத்துவம், சட்டம் என்று போகிறவர்களும், பழைய தமிழ் அச்சு நூல்களை ஆராய விரும்புகிறவர்களும் இங்கேயே இருக்கிறார்கள். எல்லாருக்குமாக ஒன்றைத்தான் சொல்ல வந்தேன். எங்கள் கைக்கு வரும் இலத்தீன் புத்தகங்கள் ஆங்கிலம் பேசும் பிள்ளைக்காக எழுதப்பட்டவை. அவற்றைத் தமிழ் பேசும் பிள்ளைக்காக மறுபடி அடுக்கவேண்டியது எங்கள் வேலை.

இந்த ஊருக்கு இந்த வேலை புதிதல்ல. அமெரிக்க மிஷனைச் சேர்ந்த மைரன் வின்சுலோவும் அவருடைய மனைவி ஹரியற் வின்சுலோவும் 1820இல் உடுவிலுக்கு வந்தார்கள். 1824இல் இங்கே பெண்பிள்ளைகளுக்கான உறைவிடப் பள்ளி தொடங்கியது. அதற்கு முந்திய ஆண்டு வட்டுக்கோட்டையில் செமினரி தொடங்கியபோது தமிழ், ஆங்கிலம், சமஸ்கிருதத்தோடு, தெரிந்தெடுத்த சிலருக்கு எபிரேயம், கிரேக்கம், இலத்தீன் வரை படிப்பிப்பதென்று திட்டத்தில் எழுதிவைத்தார்கள். பின்னாளில் கேம்பிரிட்ஜ், லண்டன் பரீட்சைகளுக்காகவும் யாழ்ப்பாணத்து மாணவர் இலத்தீன் படித்தார்கள். கத்தோலிக்க வீடுகளில், இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்கு முந்திய பூசையைக் கேட்டு வளர்ந்த முதியவர்கள் இன்றும் சில இலத்தீன் செபங்களை மனப்பாடமாகச் சொல்வார்கள்.

படிப்புப் பொருளை ஒழுங்குபடுத்துவது என்றால் என்ன என்பதற்கும் அந்தக் காலத்திலேயே ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. நல்லூரில் இருந்த சேர்ச் மிஷனைச் சேர்ந்த ஜோசப் நைற் தமிழ்ச் சொற்களைத் திரட்டத் தொடங்கினார். வேலையை முடிக்குமுன் இறந்துபோனார். அந்தத் திரட்டு அமெரிக்க மிஷனார் கைக்கு மாறியது. உடுவிலில் நெடுங்காலம் இருந்த லீவை ஸ்போல்டிங் முதலானோர் அதை வைத்துத் தமிழ் அகராதி ஒன்றை ஆக்கினார்கள். 1842இல் அச்சான அதைத்தான் மானிப்பாய் அகராதி என்கிறோம். 1862இல் சென்னையில் வெளிவந்த வின்சுலோவின் தமிழ் - ஆங்கில அகராதிக்கும் அந்தத் திரட்டு உதவியது. அந்த அகராதியில் 67,000க்கு மேற்பட்ட சொற்கள். தொடங்கியவர் போனபிறகும் வேலை நிற்கவில்லை. இன்னொருவர் எடுத்துத் தொடரக்கூடியபடி அது எழுதிவைக்கப்பட்டிருந்தது. வீட்டில் நீங்கள் சேர்க்கிற பாடப்பொருளையும் இப்படித்தான் சோதித்துப் பார்க்க வேண்டும்: அண்ணன் விட்ட இடத்தில் தங்கச்சி எடுத்துத் தொடர முடியுமா?

இனி, அடுக்குவது எப்படி என்ற கேள்விக்கு வருகிறேன். இதற்கு வழிகாட்டிகள், எங்கள் மொழியைப் படிக்க வந்த ஐரோப்பியர்கள். 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு எழுதிய தமிழ் இலக்கணம் 1716இல் ஜெர்மனியின் ஹாலே நகரில் அச்சாயிற்று. அது இலத்தீனில் எழுதிய நூல். வீரமாமுனிவர் எழுதிய கொடுந்தமிழ் இலக்கணமும் இலத்தீன்தான். 1738இல் தரங்கம்பாடியில் அச்சிட்டார்கள். திருக்குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் அவர் இலத்தீனில் பெயர்த்தும் வைத்தார். இவர்கள் தங்களுக்குத் தெரிந்த இலத்தீன் இலக்கணத்தின் தட்டுகளில் தமிழை அடுக்கிப் படித்தார்கள். நாங்கள் அதே காரியத்தை மற்றப் பக்கத்திலிருந்து செய்யலாம். எங்கள் பிள்ளைகளிடம் தமிழ் இலக்கணத்தின் தட்டுகள் தயாராக இருக்கின்றன.

ஒரு சிறிய வாக்கியத்தை எடுத்துக் காட்டுகிறேன். "அக்ரிகொல புவெல்லை அக்வம் தத்." அக்ரிகொல என்றால் கமக்காரன். புவெல்லை, சிறுமிக்கு. அக்வம், தண்ணீரை. தத், கொடுக்கிறான். கமக்காரன் சிறுமிக்குத் தண்ணீரைக் கொடுக்கிறான். எந்தச் சொல்லையும் இடம் மாற்றவில்லை. இந்த வரியை ஆங்கிலத்தில் சொல்வதற்கு வினையைப் பிடுங்கி நடுவில் வைக்க வேண்டும். இலத்தீனில் இல்லாத சிறு சொற்களைப் பெயர்களுக்கு முன்னால் ஒட்ட வேண்டும். சொல்லின் கடைசியில் வரும் ஓர் உருபு பொருளை மாற்றும் என்பதை ஆங்கிலப் பிள்ளைக்கு விளங்கப்படுத்தப் புத்தகம் பக்கம் பக்கமாக மினக்கெடுகிறது. எங்கள் பிள்ளை அதை ஐந்து வயதுக்கு முன்பே வாயால் படித்து முடித்துவிட்டது.

ஆகவே முதல் வேலை, வேற்றுமை அட்டவணையைத் தமிழ் வரிசையில் எழுதுவது. ஐ, ஆல், கு, இன், அது, கண் என்று பாடமாக்கிய வரிசைதான். இலத்தீனில் ஆறு வேற்றுமைகள். அவற்றுள் ஐந்து எங்களுடைய முதலாம், இரண்டாம், நான்காம், ஆறாம், எட்டாம் வேற்றுமைகளோடு பெரும்பாலும் நேராகப் பொருந்துகின்றன. மிஞ்சுகிற ஒன்று, 'அப்லாத்தீவுஸ்' என்பது. ஆங்கிலப் புத்தகங்களில் பிள்ளைகளை அழவைக்கிற வேற்றுமை இது. தமிழ்ப் பிள்ளைக்கு ஒரே வசனத்தில் சொல்லிவிடலாம்: எங்களுடைய மூன்றாம், ஐந்தாம், ஏழாம் வேற்றுமைகள் மூன்றும் சேர்ந்த வேற்றுமை அது. அக்வா என்றால் தண்ணீரால். எக்ஸ் அக்வா என்றால் தண்ணீரிலிருந்து. இன் அக்வா என்றால் தண்ணீரில்.

இதைக் கொப்பியில் எட்டு வரியாக எழுதவேண்டும்: புவெல்ல, புவெல்லம், புவெல்லா, புவெல்லை, புவெல்லா, புவெல்லை, புவெல்லா, புவெல்ல. மூன்றாம், ஐந்தாம், ஏழாம் வரிகளில் ஒரே வடிவம் வருவதைப் பிள்ளை தானே கண்டுபிடிக்கும். நான்காவதும் ஆறாவதும் ஒன்றாய் இருப்பதையும் கண்டு, "அப்ப சிறுமிக்கு எது, சிறுமியின் எது?" என்று கேட்கும். அந்தக் கேள்வி வந்துவிட்டால் பாதிப் பாடம் முடிந்தது. வசனத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும் என்று சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போகலாம்.

இந்த வரிசையை நான் வற்புறுத்துவதற்கு நடைமுறைக் காரணம் ஒன்றும் உண்டு. இங்கிலாந்தில் கென்னடி என்பவர் 19ஆம் நூற்றாண்டில் எழுதிய பாடநூலின் வழியாகப் பரவிய வேற்றுமை வரிசை ஒன்று. அமெரிக்கப் புத்தகங்களில் வருகிற வரிசை வேறொன்று. கொழும்பில் வாங்கிய பிரித்தானியப் புத்தகமும் நியூ ஜேர்சியிலிருந்து மாமா அனுப்பிய அமெரிக்கப் புத்தகமும் ஒரே மேசையில் இருந்தால், ஒன்றில் இரண்டாவதாய் வருவது மற்றதில் நாலாவதாய் வரும். ஒரு வரிசையைப் பாடமாக்கிய பிள்ளை மற்றதைப் பார்த்ததும் குழம்பும். எந்தப் புத்தகத்தில் எந்த அட்டவணையைக் கண்டாலும் அதைத் தன் கொப்பியின் எட்டு வரிக்கு மாற்றி எழுதுவது என்று விதி வைத்துவிட்டால் அந்தக் குழப்பம் வராது. மாற்றி எழுதுகிறபோதே பாதி மனப்பாடமாகியும் விடும்.

எழுத்துப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். இலத்தீனில் உயிர் குறிலா நெடிலா என்பது பொருளை மாற்றும். கடைசி எழுத்துக் குறிலானால் அக்வ, எழுவாய். நெடிலானால் அக்வா, தண்ணீரால். உரோம எழுத்தில் இரண்டுக்கும் ஒரே எழுத்துத்தான். பாடநூல்கள் நெடிலின் தலையில் ஒரு கோடு போட்டுக் காட்டுகின்றன. அந்தக் கோட்டை ஆங்கிலப் பிள்ளை பெரும்பாலும் கவனிக்காது. எங்கள் எழுத்தில் குறிலும் நெடிலும் வேறுவேறு வடிவம். தவறவிட இடமே இல்லை. 1554இல் லிஸ்பனில் அச்சான தமிழ் மறைநூல் ஒன்றில் தமிழை உரோம எழுத்தில் அச்சிட்டார்கள். நாங்கள் முதல் சில கிழமைகளுக்கு இலத்தீனைத் தமிழ் எழுத்திலும் எழுதிப் படிக்கலாம். உரோம எழுத்தை மேல் வரியிலும் தமிழ் எழுத்தைக் கீழ் வரியிலும் எழுதினால் போதும். ஆனால் தமிழ் எழுத்தையே நம்பியிருக்க முடியாது. தகரத்தின் வன்மை மென்மையைப் பிரித்துக் காட்ட எங்களிடம் எழுத்து இல்லை. ககரத்துக்கும் பகரத்துக்கும் அதே கதை. உச்சரிப்பு வழக்கமானதும் கீழ் வரியை விட்டுவிட வேண்டும். உச்சரிப்பிலும் இரண்டு மரபு உண்டு: கத்தோலிக்கக் கோவில் உச்சரிப்பு, பண்டைய உச்சரிப்பு. சேமித்து வைக்கிற ஒலிப்பதிவு எந்த மரபு என்று பெயரிலேயே எழுதிவையுங்கள். வீட்டுக்கு ஒரு மரபு போதும்.

தமிழ் எல்லா இடத்திலும் கைகொடுக்காது. கைகொடுக்காத இடங்களைத் தனியே கட்டி வைப்பதுதான் இந்த ஒழுங்கின் இரண்டாம் பாதி. எங்கள் மொழியில் மேசைக்கு ஆண்பாலும் இல்லை, பெண்பாலும் இல்லை. அஃறிணை என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவோம். இலத்தீனில் மேசை பெண்பால், கத்தி ஆண்பால். அதோடு பெயருக்கு முன்னோ பின்னோ வரும் அடைமொழியும் அந்தப் பாலுக்கு ஏற்றபடி மாறவேண்டும். "நல்ல" என்ற ஒரு சொல்லை எல்லாவற்றுக்கும் வைத்துப் பழகிய பிள்ளைக்கு இது உண்மையிலேயே கடினம். இதற்கு நான் பிள்ளைகளை வளவுக்குள் கூட்டிப் போகச் சொல்வேன்.

பனைக்குத் தாவரவியலார் வைத்த பெயர் பொராஸ்ஸுஸ் ஃபிளபெல்லிஃபெர். இரண்டாம் சொல்லுக்கு விசிறி தாங்குவது என்று பொருள். தென்னை, கொகோஸ் நுகிஃபெர, கொட்டை தாங்குவது. முருங்கை, மொரிங்க ஒலெயிஃபெர, எண்ணெய் தாங்குவது. மூன்றிலும் தாங்குவது என்ற ஒரே பகுதிதான் வருகிறது. ஆனால் பனைக்கு 'ஃபெர்' என்று முடிகிறது, தென்னைக்கும் முருங்கைக்கும் 'ஃபெர' என்று முடிகிறது. ஏன்? பொராஸ்ஸுஸ் என்ற பெயர் ஆண்பால். கொகோஸ், மொரிங்க இரண்டும் பெண்பால். அடைமொழி பெயரைப் பார்த்து மாறிவிட்டது. இங்கே புத்திசாலிப் பிள்ளை ஒன்று, "ஆண்பனையும் பெண்பனையும் இருக்குதே, பெண்பனைக்கு என்ன பெயர்?" என்று கேட்கும். கேட்க வேண்டும். நுங்கு தருகிற பனைக்கும் பூந்தாறு மட்டும் விடுகிற பனைக்கும் பெயர் ஒன்றுதான். சொல்லின் பால் வேறு, மரத்தின் பால் வேறு என்பது அந்த இடத்தில் விளங்கிவிடும். மொரிங்க என்ற சொல்லே எங்கள் முருங்கையிலிருந்து போனது என்பதையும் சொல்லி வையுங்கள், மனதில் நிற்கும்.

இப்படியாக இரண்டு கட்டு. தமிழ் தருவது முதற்கட்டு: வேற்றுமை, வினையின் கடைசியில் இடமும் எண்ணும் காட்டும் விகுதி, வினை முடிவில் வரும் வசன அமைப்பு, எழுவாயைச் சொல்லாமலே விடுகிற வழக்கம். இவற்றில் புத்தகம் பத்துப் பக்கம் எழுதியிருந்தாலும் விரைவாகக் கடந்து போகலாம். தமிழ் தராதது இரண்டாம் கட்டு: பெயரின் பால், அடைமொழியின் மாற்றம், பெயருக்கு முன்னே நிற்கும் உருபிடைச் சொற்கள், வினையின் விருப்ப வடிவங்கள், நாங்கள் பெயரெச்சத்தால் சொல்வதைத் தனி வாக்கியமாக விரிக்கிற முறை. புத்தகம் இரண்டு பக்கத்தில் முடித்திருந்தாலும் இங்கே பயிற்சியைக் கூட்ட வேண்டும். புத்தகத்தை வாங்கிய அன்றே உள்ளடக்கத்தைப் பார்த்து ஒவ்வொரு பாடத்துக்கும் பக்கத்தில் ஒன்று அல்லது இரண்டு என்று பென்சிலால் குறித்துவிடுங்கள். ஒரு பின்னேர வேலைதான்.

அடுத்தது அலுமாரி. வாசிப்புக்கு ஒரு புத்தகம், இலக்கணம் பார்க்க ஒன்று, அகராதி ஒன்று. மூன்றுக்கு மேல் மேசையில் இருக்கக்கூடாது. வாசிப்புக்கு, டென்மார்க்கைச் சேர்ந்த ஓர்பெர்க் எழுதிய நூலை நான் விரும்புகிறேன். தொடக்கம் முதல் முடிவு வரை முழுக்க இலத்தீனிலேயே எழுதியிருக்கிறார். படமும் ஓரக் குறிப்பும் பொருளைச் சொல்லும். ஆங்கிலம் குறுக்கே வராததால் தமிழ்ப் பிள்ளையும் ஆங்கிலப் பிள்ளையும் அங்கே ஒரே நிலையில் நிற்கின்றன. கதை வேண்டும் என்கிற பிள்ளைக்கு, பொம்பேயி நகரத்துக் குடும்பமொன்றைச் சுற்றி 1970இலிருந்து வெளிவரும் கேம்பிரிட்ஜ் பாடவரிசை நன்று. இலக்கணத்துக்குக் கென்னடியின் 1888ஆம் ஆண்டுப் பதிப்பும், அகராதிக்கு 1879இல் வந்த லூயிஸ் - ஷோர்ட் அகராதியும் பதிப்புரிமை கடந்தவை, காசில்லாமல் எடுக்கலாம். இங்கிலாந்தின் ஜி.சி.எஸ்.ஈ. பரீட்சையை நினைப்பவர்கள் முதலில் பாடத்திட்டத்தோடு வரும் சொற்பட்டியலை எடுத்து அலுமாரிக் கதவின் உட்பக்கத்தில் ஒட்டிவையுங்கள்.

கொப்பி இரண்டு போதும். தடித்த சீ.ஆர். கொப்பி ஒன்று அட்டவணைகளுக்கு. மற்றது வாசிப்புக்கு: இடப்பக்கம் இலத்தீன், வலப்பக்கம் தமிழ். வலப்பக்கத்தில் ஆங்கிலம் எழுத விடாதீர்கள். ரொறன்ரோப் பிள்ளைக்கும் இதையே சொல்கிறேன். இலத்தீனோடு சேர்ந்து அதன் தமிழும் வளரும்.

சொற்களுக்குப் பிறிஸ்டல் போட்டை வெட்டி அட்டை செய்யுங்கள். பெயர்ச்சொல்லுக்கு எழுவாய் வடிவம், ஆறாம் வேற்றுமை வடிவம், பால் மூன்றும் எழுத வேண்டும். ரேக்ஸ், ரேகிஸ், ஆண்பால் என்றபடி. அரசன் என்ற பொருள் பின்பக்கம். ஆறாம் வேற்றுமை எதற்கு என்று பிள்ளை கேட்டால், மரம், மரத்தை; வீடு, வீட்டை என்று சொல்லிக் காட்டுங்கள். உருபு சேரும்போது எங்கள் சொல்லும் உள்ளே மாறுகிறது. ரேக்ஸ் என்பதிலும் அந்த மாற்றத்தைத்தான் அட்டையில் எழுதி வைக்கிறோம். வினைக்கு அதன் நான்கு முதன்மை வடிவங்களையும் ஒரே அட்டையில் எழுத வேண்டும்.

அட்டைகளைப் பிஸ்கற் ரின்னில் மூன்று தடுப்பாக வையுங்கள்: தினமும் பார்ப்பது, கிழமைக்கு ஒருமுறை பார்ப்பது, மாதத்துக்கு ஒருமுறை பார்ப்பது. சரியாகச் சொன்ன அட்டை பின்னால் போகும். தவறிய அட்டை முன்னுக்கு வரும். செபஸ்தியன் லைட்னர் என்பவர் 1972இல் வெளியிட்ட நூலில் ஐந்து தடுப்புப் பெட்டியாக விளக்கிய முறை இது. வீட்டுக்கு மூன்று தடுப்புப் போதும். இதில் கேள்வி கேட்பவருக்கு இலத்தீன் தெரிந்திருக்க வேண்டியதில்லை. இலக்கணம் படித்த அம்மம்மா, "ஐ உருபு சொல்லு, கு உருபு சொல்லு" என்று கேட்டு, அட்டவணைக் கொப்பியைப் பார்த்துத் திருத்தலாம். தொலைபேசியிலும் திருத்தலாம்.

இணையத்திலிருந்து எடுத்துக் குவிக்கும் ஒற்றைகள்தான் பெரிய தொல்லை. நூறு பயிற்சித்தாளை ஒரே நாளில் அச்செடுத்தால் ஒன்றையும் பிள்ளை செய்யாது. அந்தக் கிழமைக்கு வேண்டியதை மட்டும் எடுங்கள். செய்து முடித்ததில் திகதி போடுங்கள். பாடம் முடிந்ததும் போட்டோக்கொப்பிக் கடையில் கொடுத்து ஸ்பைரல் கட்டுங்கள். செய்யாத ஒற்றையைக் கட்டில் சேர்க்க வேண்டாம். மாரி காலத்தில் ஈரமும் கறையானும் எங்கள் வீடுகளில் புத்தகத்துக்கு எதிரி. கட்டுகளை நிலத்தில் அல்ல, தட்டில் வையுங்கள்.

இவ்வளவு பாடுபட்டு என்ன பயன் என்று கேட்பவர்களுக்கு இரண்டு பெயர்களைச் சொல்கிறேன். மானிப்பாயில் 1875இல் பிறந்த சுவாமி ஞானப்பிரகாசர் பல மொழி கற்றவர். அந்தப் படிப்போடு தமிழ்ச் சொற்பிறப்பையும் யாழ்ப்பாண வரலாற்றையும் ஆராய்ந்தார். ஊர்காவற்றுறைப் பக்கத்தில் 1913இல் பிறந்த தனிநாயகம் அடிகள் உரோமில் கலாநிதிப் பட்டத்துக்காக எடுத்த பொருள் பண்டைய கார்த்தேஜ் நகரத்துக் குருமார் பற்றியது. தமிழில் ஆழ்ந்து படித்தது அதற்குப் பிறகு, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில். நான் சற்றுமுன் சொன்ன 1554ஆம் ஆண்டு லிஸ்பன் நூலைத் தமிழ் உலகத்துக்கு அறியத் தந்தவர் அவர்தான். 1679இல் அச்சான புரோவென்சாவின் தமிழ் - போர்த்துக்கேய அகராதியைத் தேடி எடுத்து 1966இல் மறுபடி அச்சேற்றியவரும் அவர்தான். ஐரோப்பிய நூலகங்களில் தமிழ் பற்றி இலத்தீனில் எழுதிய ஏடுகள் இன்னும் இருக்கின்றன. அவற்றை மற்றவர் பெயர்த்துத் தரும்வரை காத்திருக்க வேண்டுமா, எங்கள் பிள்ளை தானே வாசிக்க வேண்டுமா?

கடைசியாக உங்களிடம் ஒரு வேண்டுகோள். தமிழ் வேற்றுமை வரிசையில் அமைந்த, எங்கள் வளவு மரங்களையும் வயலையும் உதாரணமாகக் கொண்ட இலத்தீன் முதற்பாட நூல் ஒன்று எங்கள் பிள்ளைகளுக்கு வேண்டும். அதை ஒரு பண்டிதர் தனியே இருந்து எழுதத் தேவையில்லை. உங்கள் வீடுகளில் நிறையப்போகும் சீ.ஆர். கொப்பிகளே அதற்கு மூலப்பிரதி. பிள்ளை எந்த இடத்தில் தடக்குப்பட்டது, எந்த உதாரணத்தால் விளங்கியது என்று ஓரத்தில் இரண்டு வரி எழுதிவையுங்கள். ஆண்டு முடிவில் அவற்றை ஓரிடத்தில் சேர்த்து ஒப்பிடுவோம். சொல் திரட்டி அகராதி செய்த ஊர் இது. ஒரு பாடப் புத்தகம் செய்ய முடியாதா?

இந்தக் கிழமையிலேயே தொடங்குங்கள். முதல் அட்டவணை எட்டு வரிதான்.